பச்சை வியாழன் கீரையும் பாதி எரிந்த திரைச்சீலையும்

பெர்க்ஸ் கவுண்டி, பென்சில்வேனியா
1987 ஏப்ரல் 18, சனிக்கிழமை

அன்புள்ள லுவெல்லா அக்காவுக்கு,

உன் தம்பி வில்மர் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். ரத்த அழுத்தம் டாக்டர் முகம் சுளிக்காத அளவில் இருக்கிறது. நீ அனுப்பிய ஆரஞ்சுப் பெட்டி வந்து சேர்ந்தது. மேல் வரிசை நன்றாக இருந்தது. கீழ் வரிசையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஃப்ளோரிடா வெயிலில் உன் முழங்கால் வலி குறைந்ததும், தினமும் நீச்சல் குளத்தில் இறங்குவதும் அறிந்து சந்தோஷம். எழுபத்தேழு வயதில் நீ நீச்சல் கற்றுக்கொண்டதை நம் அப்பா பார்க்காமல் போனது நல்லதுதான். குளிப்பதற்கே சனிக்கிழமை வரவேண்டும் என்று இருந்த மனிதர்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று என் மகள் ஜோயன் உனக்குப் போன் செய்து, நான் வீட்டைக் கொளுத்திவிட்டதாகச் சொல்லியிருக்கிறாள். அவளே என்னிடம் ஒப்புக்கொண்டாள். நான் வீட்டைக் கொளுத்தவில்லை. எரிந்தது சமையலறைத் திரைச்சீலை ஒன்று, அதிலும் பாதி. நடந்ததை முதலிலிருந்து வரிசையாக எழுதுகிறேன். படித்துவிட்டு, “ஜோயன் சொல்றதைக் கேளுடா” என்று போன கடிதத்தில் எழுதியதை நீ திரும்ப எடுத்துக்கொள்வாய் என்று நம்புகிறேன்.

அக்டோபரில் என் வெர்னா கண்ணை மூடியதிலிருந்து ஜோயன் ஞாயிறு தோறும் வருகிறாள். ஏழு டப்பாக்களில் ஏழு நாள் சாப்பாடு கொண்டுவந்து, மூடியில் கிழமை எழுதி ஒட்டி, குளிர்பெட்டியில் அடுக்கிவிட்டுப் போகிறாள். செவ்வாய்க்கிழமை டப்பாவைத் திங்களன்று திறந்துவிட்டால் வாரம் முழுக்க எனக்கு நாள் குழம்பிவிடுகிறது. மார்ச்சில் ஒரு ஞாயிறு டப்பாக்களோடு ஒரு வழவழப்பான புத்தகமும் வந்தது. மலையடியில் இருக்கிற முதியோர் இல்லத்தைப் பற்றியது. பக்கத்துக்குப் பக்கம் கிழவர்களும் கிழவிகளும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். நம் கவுண்டியில் போட்டோவுக்கு யார் அக்கா அப்படிச் சிரித்திருக்கிறார்கள்? நம் குடும்பப் படங்களில் கல்யாணப் படத்துக்கும் சாவு வீட்டுப் படத்துக்கும் உடுப்பை வைத்துத்தானே வித்தியாசம் கண்டுபிடிக்க வேண்டும்.

“இவங்களுக்கு என்ன வேலைம்மா, இப்படிச் சிரிக்கிறாங்க?” என்று கேட்டேன்.

“மூணு வேளையும் யாரோ சமைச்சுப் போடறாங்கப்பா. அதான் சிரிப்பு வருது” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. சமைக்கத் தெரியாதவன் என்றுதானே அர்த்தம். அந்த இடத்திலேயே பந்தயம் கட்டினேன். ஈஸ்டருக்கு முந்தின பச்சை வியாழனுக்கு நான், புல்லில் தானாக முளைக்கும் டேன்டிலயன் கீரையை வைத்து விருந்து சமைப்பேன், முழுக்க என் கையால். அது சரியாக வந்தால் அடுத்த வருஷ ஈஸ்டர் வரை இந்த இல்லம் என்ற வார்த்தை இந்த வீட்டில் கேட்கக்கூடாது. ஜோயன் கொஞ்சம் யோசித்தாள். “சரிப்பா. ஆனா சரியா வரலைன்னா, அந்தப் புத்தகத்தை நீங்க முதல் பக்கத்திலேருந்து கடைசிவரைக்கும் படிக்கணும்” என்றாள். கை கொடுத்துக்கொண்டோம்.

பச்சை வியாழனென்றால் நம் வீட்டில் என்ன பாடு பட்டோம் என்று உனக்கு நினைவிருக்கும். அன்றைக்குப் பச்சை இலை சாப்பிடாத பிள்ளை கழுதையாகிவிடும் என்று அப்பா சிரிக்காமல் சொல்வார். உனக்குப் பத்து வயதாக இருக்கும்போது நீ ஒரு வாய்கூடத் தொடமாட்டேன் என்று தட்டைத் தள்ளிவிட்டாய். மறுநாள் காலையில் கண்ணாடி முன்னால் நின்று காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாய். ஆறு வயதுப் பயலான நான், “கொஞ்சம் நீண்டிருக்கு அக்கா” என்றேன். நீ குளிர்ந்துபோன மிச்சக் கீரை முழுவதையும் சட்டியோடு தின்றுவிட்டு, என்னைக் கொட்டகையைச் சுற்றித் துரத்தினாய். அந்தக் காலை வெயிலும் உன் மரக்கட்டைச் செருப்புச் சத்தமும் இந்த ஒரு வாரமாக எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. உன்னிடம் அதற்கு மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. நீண்டுதான் இருந்தது.

இப்போது என் சங்கடத்தைக் கேள். புதன்கிழமை காலை பழைய காப்பித் தகரத்தையும் சின்னக் கத்தியையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோதுதான் தெரிந்தது: வெர்னா எங்கே போய்ப் பறிப்பாள் என்று எனக்குத் தெரியாது. நாற்பத்தாறு வருஷக் கல்யாண வாழ்க்கையில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. காலுறை ஆலையில் இருந்தவரை நான் விடியுமுன்னே வேலைக்குப் போய்விடுவேன். ஓய்வு பெற்றபிறகு ஏழு மணி வரை தூங்குவேன். எழுந்து வந்தால் தொட்டியில் கீரை கிடக்கும். ஏழு தண்ணீர் மாற்றி அதைக் கழுவுவது மட்டும்தான் என் வேலை. கழுவுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் கழுவுவதற்குக் கீரை வேண்டுமே.

எங்கள் புல்வெளியில் ஒன்று கூட இல்லை. காரணம் நான்தான். போன கோடையில் வெர்னா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, அவள் திரும்பி வரும்போது வாசல் அழகாக இருக்கட்டுமே என்று களைக்கொல்லி வாங்கி வந்து மூலை முடுக்கு விடாமல் அடித்துவைத்தேன். இரண்டு சனிக்கிழமை முதுகு ஒடிய வேலை. அவளை அழைத்துவந்து ஜன்னலோரம் உட்கார வைத்து, “எப்படி இருக்கு, பாரு” என்றேன். அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, “ரொம்ப சுத்தமா இருக்கு வில்மர்” என்றாள். பாராட்டு என்று நினைத்து, அன்று பூரா மார்பை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். புதன்கிழமை வெறும் தகரத்தோடு அந்தப் புல்லில் நின்றபோதுதான் அவள் என்ன சொன்னாள் என்று புரிந்தது. அவளிடம் அதைப்பற்றிப் பேசுவதற்கு எட்டு மாதம் தாமதமாகிவிட்டது.

சரி, மருந்து அடிக்காத புல் வேறு எங்கே இருக்கும்? தேவாலயக் கல்லறைத் தோட்டத்தின் பழைய வரிசைகளில். காரை எடுத்துக்கொண்டு போனேன். வெர்னா இருக்கும் வரிசைப் பக்கம் போகவில்லை. போனால் என்ன பண்ணுகிறாய் என்று கேட்பாள் போலிருந்தது. பின்பக்கத்தில் அமாண்டஸ் சித்தப்பா கல்லடியில் நல்ல கொழுத்த கீரையாக நாலு இருந்தது. முட்டி போட்டுக் குனிந்து முதல் வேரை அறுக்கிறேன், பின்னால் காலடிச் சத்தம். போதகர். கத்தியைச் சட்டைக்கைக்குள் தள்ளிக் கீரையைத் தொப்பிக்கு அடியில் மறைத்தேன். ஏன் மறைத்தேன் என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை. திருடனைப்போல் தோன்றிவிட்டது. அவரோ என் தோளில் கைவைத்து, தானும் பக்கத்தில் முட்டி போட்டு, மீதி இருந்த மூன்று கீரைமீதும் முழங்காலை ஊன்றிக்கொண்டு, கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தார். துக்கத்தில் இருப்பவர்களுக்காக, மறக்க முடியாத உறவுகளுக்காக, பத்து நிமிஷம். ஆமென் சொல்லி எழுந்தபிறகு, “உங்க சித்தப்பாமேல உங்களுக்கு இவ்வளவு பாசம்னு எனக்குத் தெரியாம போச்சு” என்றார். அமாண்டஸ் சித்தப்பாவை அவர் பெற்ற பிள்ளைகளே அடக்கத்துக்கு வந்து, நிஜமாகவே செத்துவிட்டாரா என்று சரிபார்த்துவிட்டுத்தானே போனார்கள். நான் என்ன சொல்வது? “இப்பதான் எனக்கும் தெரியுது” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பகல் முழுக்க அலைந்து கிடைத்தது, நசுங்கிய கீரை ஒரு கைப்பிடி.

வியாழன் காலை. எதிர் வீட்டு பாட் என்ற பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறேன். ஷேஃபரின் மேய்ச்சல் நிலத்தில் நாலு வருஷத்துக்கு முன் கட்டிய புது வீடு. புருஷனோடு ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வந்தவள். பாலும் முட்டையும் கடையில் வாங்குகிறவள். ஆனால் குணம் நல்ல குணம். ஜன்னலில் பார்க்கிறேன், முதுகில் மருந்துத் தொட்டியைக் கட்டிக்கொண்டு தன் புல்வெளியில் இறங்குகிறாள். அந்தப் புல்லைப் பார்த்தேன். அக்கா, பின்வேலி வரைக்கும் டேன்டிலயன். பூ இன்னும் விரியவில்லை, மொட்டு அடியில் இறுகி உட்கார்ந்திருக்கிறது. வீட்டுச் செருப்போடு ரோட்டைத் தாண்டி ஓடினேன்.

“அடிக்காதம்மா, நிறுத்து. எனக்கு அது வேணும்.”

“எது வேணும்?”

“களை.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். செருப்பையும் பார்த்தாள். “உள்ள வந்து உட்காருங்க ரைஃப்ஸ்னைடர் சார். ஜோயன் நம்பர் என்கிட்ட இருக்கு” என்றாள். என் மகள் எதிர் வீட்டில் தன் நம்பரைக் கொடுத்து வைத்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். சாப்பிடுவதற்குத்தான் என்று விளக்கினேன். அதைக் கேட்டபிறகு நம்பரைத் தேட அவள் உள்ளேயே போய்விட்டாள். திரும்பி வருவதற்குள் நான் பன்னிரண்டு செடியை அறுத்து, வேர் தட்டி, தகரத்தில் போட்டிருந்தேன். செய்கிற வேலையின் ஒழுங்கைப் பார்த்து மனம் மாறினாளோ என்னவோ, போன் செய்யாமல் காப்பியோடு வந்து படியில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “உங்களை ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சேன். தப்பா எடுத்துக்காதீங்க” என்றாள்.

“கேளு.”

“உங்க வீட்டம்மா மோதிரம் கடைசில கிடைச்சுதா?”

“எந்த மோதிரம்?”

“நாங்க இங்க வந்த முதல் வருஷம், இதே மாதிரி ஏப்ரல்ல, காலைல ஆறு மணிக்குப் பார்க்கிறேன், நீலத் துணி தலையில கட்டிக்கிட்டு அவங்க அந்த வேலிகிட்ட குனிஞ்சு தேடிட்டிருந்தாங்க. ஒவ்வொரு அடியா, புல்லை விலக்கி விலக்கி. ஒரு மணி நேரம். மறுநாளும் வந்தாங்க. மூணு வருஷமும் வந்தாங்க. கல்யாண மோதிரம் தொலைஞ்சு போச்சு போல, வெளியில சொல்லக் கூச்சப்படறாங்கன்னு நினைச்சு நான் கிட்டப் போகவே இல்ல. புல்லுக்கு மருந்து அடிக்கணும்னு என் வீட்டுக்காரர் நிப்பார். அந்தம்மாவுக்கு மோதிரம் கிடைக்கிற வரைக்கும் ஒண்ணும் தொடக்கூடாதுன்னுட்டேன். இந்த வருஷம்தான்... அவங்க இல்லையே, அதான்.”

நான் குனிந்தபடியே இருந்தேன். கத்தி கையில் இருக்கிறது, எந்தச் செடியை அறுப்பது என்று தெரியவில்லை. வீடு கட்டி, வேலி போட்டு, ஜன்னலுக்குத் திரை மாட்டிய பிறகும் ஷேஃபரின் மேய்ச்சல் நிலத்துக்குக் கீரை பறிக்கப் போவதாகவே போயிருக்கிறாள் என் பெண்டாட்டி. நடுவில் முளைத்த வீட்டை அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. அவளைத் தெரிந்த எனக்கு அதில் ஆச்சரியமில்லை. ஆனால் யாரோ ஒருத்தி, அவள் பெயர்கூடச் சரியாகத் தெரியாதவள், அவளுக்காக மூன்று வருஷம் தன் புல்லைக் காப்பாற்றி வைத்திருக்கிறாள். சொந்தப் புருஷன் நான் மருந்தடித்துக் கொன்றேன்.

“கிடைச்சுது” என்றேன்.

“அப்பாடா” என்றாள் பாட். நிஜமாகவே நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அவளிடம் உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அறுபது குழிக்குக் குறையாமல் அவள் புல்வெளியில் தோண்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இனிச் சமையல். ஏழு தண்ணீரில் கழுவினேன். அதில் குறை சொல்ல இடமில்லை. பிறகு வெர்னாவின் குறிப்புப் பெட்டியைத் திறந்தேன். ஊறுகாய்க்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள். ஜோயனின் பள்ளிக்கூட விழாவுக்குச் செய்த கேக்குக்குப் படமே வரைந்திருக்கிறாள். “டேன்டிலயன்” என்று தலைப்புப் போட்ட அட்டையில் ஒரே வரி: “வழக்கம்போல.” உனக்கு இரண்டு முறை போன் செய்தேன். நீ நீச்சல் குளத்தில் இருப்பதாக உன் மருமகன் சொன்னார். ஆகவே, நடந்ததில் உனக்கும் பங்கு உண்டு.

பேக்கன் பன்றி இறைச்சியைப் பொடியாக நறுக்கி வறுக்க வேண்டும், அந்தக் கொழுப்பில் முட்டை, சர்க்கரை, வினிகர் எல்லாம் சேர்ந்து கெட்டியாகக் கொதித்துக் கீரைமேல் சூடாக விழவேண்டும் என்பது வரை தெரியும். எதற்குப் பிறகு எது என்பதுதான் கேள்வி. கொழுப்பு நன்றாகக் காய்ந்ததும் முட்டையை நேராக உடைத்து ஊற்றினேன். அது பொரியலாகிவிட்டது. அதைக் கரைக்கலாம் என்று வினிகரைக் கவிழ்த்தேன். அப்புறம் சமையலறையே சீறியது. கண் தெரியவில்லை. புகை வெளியே போகட்டும் என்று சட்டியை ஜன்னல் பக்கம் தூக்கிக்கொண்டு போகும்போது, சட்டி நின்றிருந்த அடுப்பை அணைக்கவில்லை என்பதும், கையில் வைத்திருந்த துணியின் நுனி அதில் பட்டு எரிந்துகொண்டு என்னோடு ஜன்னலுக்கு வந்துவிட்டது என்பதும் திரைச்சீலை பற்றியபிறகுதான் தெரிந்தது. சட்டியை மூடிக் கீழே வைத்துவிட்டு அடுப்பை அணைத்துத் திரும்புகிறேன், ஜன்னல் வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. பாட் ரோட்டைத் தாண்டி வந்து எங்கள் தோட்டக் குழாயையே திறந்துவிட்டிருக்கிறாள். திரைச்சீலை அணைந்தது. நான் நனைந்தேன். கீரைக்கு எட்டாவது தண்ணீர் கிடைத்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஜோயன். நனைந்த அப்பா, ஜன்னலுக்கு வெளியே குழாயோடு எதிர் வீட்டுக்காரி, அவள் தலைக்குமேல் பாதித் திரைச்சீலை. கைப்பையைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள்.

“நாலு மணிக்குத்தானேப்பா வர்றேன்னேன்” என்றாள்.

“நீ ஏம்மா சீக்கிரம் வந்தே?”

“பந்தயத்துல நீங்க தோத்துடக்கூடாதேன்னு கொஞ்சம் உதவி பண்ணலாம்னு வந்தேன்.”

முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டேன். அவள் கோட்டைக் கழற்றிக் கதவில் மாட்டினாள். சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடினாள். “அம்மா முட்டையையும் சர்க்கரையையும் மாவையும் முதல்ல ஒரு கிண்ணத்துல அடிச்சுக்குவாங்க. அப்புறம் வினிகரும் தண்ணியும். கொழுப்பை ஆறவச்சு, சின்னத் தீயில, கையெடுக்காம கிண்டணும்” என்றாள்.

“உனக்கு யார் சொல்லிக்கொடுத்தா?”

“யாரும் இல்ல. இந்த மேஜைலதானே உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதுவேன். கணக்கு வரலைன்னா அம்மா கையத்தான் பார்த்துட்டிருப்பேன்.” கிண்ணத்தை எடுத்து மேஜையில் வைத்து, “கணக்கு எனக்கு வரவே இல்ல” என்றாள்.

அப்புறம் நான் கிண்டினேன், அவள் ஊற்றினாள், பாட் உருளைக்கிழங்கை உரித்தாள். பாவம், தோலோடு பாதிக் கிழங்கும் போயிற்று. சூடாகக் கீரைமேல் ஊற்றியதும் அது சுருண்டு அடங்கி, அந்த வாசனை எழுந்தது பார், அக்கா, வினிகரும் புகைக் கொழுப்பும் பச்சை மண்ணும் சேர்ந்த அந்த வாசனை. ஜோயன் முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள். பாட்தான் முதலில் வாயில் வைத்தாள். மென்றாள். “கசக்குதே” என்றாள். “ஆமா” என்றோம் இரண்டு பேரும். இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டாள். ஜோயன் மூன்று தடவை வாங்கினாள். வெர்னாவுடையதைவிடக் கசப்பு ஒரு மாற்றுக் கூட இருந்தது; ஒரு வாரம் முன்னால் பறித்திருக்க வேண்டும். ஆனாலும் அதுவேதான். அடுத்த வாய் எடுப்பதற்குள் அவள் வந்து, உப்பு போதுமா என்று கேட்டுவிடுவாள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

பாட் போனபிறகு ஜோயன் தட்டுகளைக் கழுவிக்கொண்டே, “சரிப்பா. நீங்கதான் ஜெயிச்சீங்க. அடுத்த வருஷ ஈஸ்டர் வரைக்கும் அந்தப் பேச்சை எடுக்கமாட்டேன்” என்றாள். பாதி உன் கைதானேம்மா என்றேன். “அம்மாவும் உங்களைத்தான் கழுவ விட்டாங்க” என்றாள்.

ஆகவே அக்கா, நான் எங்கும் போவதாக இல்லை. இந்த வீடு, இந்த அடுப்பு, எதிரே அந்தப் புல், இவற்றோடுதான் என் மிச்ச நாள். உன் தம்பி தனியாகச் சமாளிக்கிறான் என்று தைரியமாக இரு. ஜூனில் நீ கட்டாயம் வரவேண்டும். முன்னறையைச் சுத்தம் செய்து புதுத் திரைச்சீலை போட்டுவைக்கிறேன். உன் மகளுக்கும் மருமகனுக்கும் என் அன்பைச் சொல். நாளை ஈஸ்டர். கர்த்தர் உன் முழங்காலையும் மூச்சையும் ஒன்றுபோலக் காக்கட்டும். குளத்தில் ஆழமான பக்கம் போகாதே.

என்றும் உன் தம்பி,
வில்மர்

பின்குறிப்பு (வியாழக்கிழமை, ஏப்ரல் 23): தபால்தலை இல்லாமல் கடிதம் மேஜையிலேயே கிடந்துவிட்டது. அதற்குள் சில மாறுதல்கள். ஈஸ்டர் முடிந்த திங்களன்று மிச்சக் கீரையை, முறைப்படி நானே காய்ச்சி ஊற்றி, தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். நன்றாக வந்திருந்தது, அக்கா. குறை ஒன்றும் இல்லை. நன்றாக வந்திருக்கிறது என்று சொல்ல எதிரே ஆள் இல்லாததால் தட்டைப் பாதியில் மூடிவிட்டேன். சமைக்க முடியுமா என்று நானும் ஜோயனும் சண்டை போட்டோமே, அது இல்லை சங்கதி. செவ்வாயன்று, வரமாட்டேன் என்று நேரில் சொல்வதுதான் மரியாதை என்று அந்த இல்லத்துக்குக் காரில் போனேன். ஆபீஸ் திறக்கவில்லை. பின்பக்கம் சுற்றி நடந்தால் மலைச்சரிவு முழுக்க மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறது. அங்கே என் வயதில் ஒரு அம்மாள், பியூலா மோயர் என்று பெயர், மடியில் வாளியை வைத்துக்கொண்டு பூக்களைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே நாம் வீட்டில் பேசி வளர்ந்த பென்சில்வேனியா டச்சில், “கீரைக்கு வந்தீங்கன்னா நேரம் போயிடுச்சு. பூவுக்கு வந்தீங்கன்னா அந்தப் பக்கம் ஆரம்பிங்க, இந்தப் பூவில ஒயின் போடறோம், ஆள் போதலை” என்றாள். அந்தப் பக்கம் ஆரம்பித்தேன். மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை நான் நம் மொழியில் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன். வெர்னா போன அக்டோபருக்குப் பிறகு அவ்வளவு பேசியதில்லை. ஆபீஸ் திறந்ததும் பெயர் கொடுத்துவிட்டேன். ஜூன் முதல் தேதியிலிருந்து அங்கேதான். நீ வரும்போது நேராக அங்கே வந்துவிடு, விருந்தாளிக்கு அறை தருகிறார்கள். இதை ஜோயனிடம் சொல்ல இரண்டு தடவை முயன்றேன். வாயைத் திறந்தாலே, “வாக்குக் கொடுத்தாச்சுப்பா, அந்தப் பேச்சே வேண்டாம்” என்று போனை வைத்துவிடுகிறாள். பெரியவளாக நீதான் சொல்லிப் புரிய வைக்க வேண்டும். இன்னொன்று: பியூலா தன் கீரைக்குச் சர்க்கரையே போடுவதில்லையாம். அது தப்பு என்று சொன்னேன். செய்து காட்டுங்கள் பார்க்கலாம் என்றாள்.